கிரீஷின் முறை

ஹௌராவை ஒட்டிய சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் கழித்துப் போட்ட ரயில் பெட்டிக்குள் கிரீஷுக்கும் ராஜ்மோகனுக்கும் ஒரே ஒரு சட்டம் இருந்தது. ஒருவன் ஊசி ஏற்றிக்கொள்ளும்போது மற்றவன் தெளிவாக இருந்து அவன் மூச்சைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவன் எழுந்த பிறகுதான் இவன் முறை. வேறு எந்தச் சட்டத்தையும் மதிக்காத இரண்டு பேரும் இதை மட்டும் மீறியதில்லை.

பாலிகஞ்சில் கிரீஷின் அம்மா, மகன் பெங்களூரில் வேலை பார்ப்பதாக அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள். அதனால் அவன் அந்தப் பக்கமே தலைகாட்ட முடியாது. வாய்விட்டுத் தமிழ் பேச அவனுக்கு மிச்சமிருந்த ஒரே ஆள், ரயில்வேக்காரர் மகன் ராஜ்மோகன்தான்.

மறுவாழ்வு இல்லத்திலிருந்து அன்று மத்தியானம் திரும்பிய ராஜ்மோகன், பழைய அளவையே ஏற்றிக்கொண்டான். உடம்புக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்ததை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. பிறகு அதுவும் நின்று, உதடு நீலம் பாரித்தது.

பெட்டியில் ஒதுங்கியிருந்த மற்ற ஊசிக்காரர்கள், "உப்புத் தண்ணிய ஊசியில ஏத்து" என்று சொல்லிவிட்டு, போலீஸுக்குப் பயந்து ஓட்டம் பிடித்தார்கள். யோசனை சொல்ல மட்டும் ஆளுக்குக் குறைச்சலே இல்லை! கிரீஷ் வாயோடு வாய் வைத்து ஊதினான். புது ஊசி தரும் சென்டரில் கொடுத்திருந்த போதை முறிவு மருந்துக் குப்பிகளில் ஒன்றை உடைத்துத் தொடையில் போட்டான். மறுபடி ஊதினான். "டேய், என்னைத் தனியா விட்டுட்டுப் போயிடாதேடா" என்று அழுதான்.

ராஜ்மோகன் இருமிக்கொண்டே எழுந்தான். போதை மொத்தமும் இறங்கி உடம்பு முறுக்கியது.

"எவன்டா எழுப்பச் சொன்னான்? இனி உன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்!"

"திட்டிக்கோ. மருந்து வேகம் போனா மறுபடி மூச்சு அடைக்கும். என் கண்ணெதிர்ல இரு, போதும்."

ராஜ்மோகன் கேட்காமல் தண்டவாளத்தோரம் நடந்தான். பின்னாலேயே போன கிரீஷ் மேல் ஜல்லியை எடுத்து எறிந்தான். பிளாட்பாரத்தில் அவன் சுருண்டு உட்கார, கிரீஷ் தூணோரம் உட்கார்ந்து, பொழுது சாயும்வரை அவன் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ராஜ்மோகன் எழுந்து, ஹௌரா லோக்கலில் ஏறி, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். பிழைத்துக்கொண்டான் என்று நிம்மதியாக இருந்தது.

இனி கிரீஷின் முறை. அவனுக்கும் நடுக்கம் கண்டுவிட்டது. ஒரு பையில் பொட்டலம், மறு பையில் மிச்சமிருந்த முறிவு மருந்து. மூச்சு நின்றவன் தனக்குத்தானே அதைப் போட்டுக்கொள்ள முடியாது.

பெஞ்சில் காய்கறிக் கூடையோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். மருந்தை அவளிடம் நீட்டி, வங்க மொழியில் கேட்டான்: "மாஷிமா, கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொள்வீர்களா?"

அவள் கூடையை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.