தார் பூசிய கை

கூத்தாநல்லூரில் அரபு மொழி விழா. நுழைவு வளைவில் எழுத வேண்டிய பெயின்டர் இராஜாங்கம், வயல் கூலி உயர்வு ஊர்வலத்துக்காகக் கீழ்வேளூர் போய்விட்டான். அவனும் வயலில் இறங்குகிறவன்தான்; அறுவடை நேரம், போகத்தான் வேண்டும். அவன் பிரஷ்ஷை நான் எடுத்துக்கொண்டேன்.

அரபு டீச்சர் கமருன்னிஸா சாக்பீஸால் எழுத்துகளை வரைந்து தந்தார். அதன்மேல் பச்சை பெயின்ட் ஏற்றுவதுதான் என் வேலை. ஏணியில் நின்று வலமிருந்து இடமாக, கை நடுங்காமல் போனேன்.

"என்னய்யா கோவிந்தராசு!" எங்கள் கட்சிக் கிளைச் செயலாளர் கீழே நின்று சிரித்தார். "அறுபத்தஞ்சுல ஸ்டேஷன் போர்டுல இந்தி எழுத்தத் தார் பூசி அழிச்சிட்டு ஜெயிலுக்குப் போன ஆளு, இப்ப அரபி எழுதுறியா?"

எனக்குச் சுள்ளென்று வந்தது.

"அது நம்ம தலையில கட்டப் பாத்த மொழி. இது இந்தத் தெருப் பிள்ளைங்க ஆசைப்பட்டுப் படிக்கிற மொழி. சொந்த மொழிக்கு அடி வாங்குனவனுக்குத்தான்யா அடுத்தவன் மொழியோட அருமை தெரியும். போய்யா!"

அவர் போனார். கடைசிப் புள்ளியை வைத்து இறங்கி நிமிர்ந்து பார்த்தேன். ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனால் கோபுரம் கட்டி முடித்தவன்போல் நெஞ்சு விரிந்தது.

"அரபியில என்ன எழுதியிருக்கேன் டீச்சர்?"

"எழுத்து மட்டும்தாண்ணே அரபி. எங்க வீட்டுப் பொம்பளைங்க காலங்காலமா இந்த எழுத்துலதான் தமிழ் எழுதுறாங்க." வலது ஓரத்திலிருந்து விரலை நகர்த்திப் படித்தார். "வருக, வருக."

செயலாளர் அதற்குள் தெருமுனைக்குப் போயிருந்தார்.

"யோவ், திரும்பி வாய்யா!" ஊரே கேட்கக் கத்தினேன். "வந்து தமிழ் படிய்யா!"