சில்வியா வைத்திருப்பவை

என் மனைவியின் ஸ்பானிஷை உப்புத் தண்ணீரில் போட்டவன் நான்தான்.

என் போனில் சார்ஜ் இல்லையென்று அவள் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். அங்கே தண்ணீர் இறைக்கிற மோட்டார் ஓட்டுவது என் வேலை. குழாயில் பாசி அடைத்திருக்கிறதா என்று குனிந்தேன். எனக்கு முன்னால் போன் குனிந்துவிட்டது. எடுத்து நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்தேன். மதியத்துக்குள் சார்ஜ் போடுகிற ஓட்டையில் வெள்ளையாகப் பூத்திருந்தது. இத்தனை வருஷத்தில் எனக்கென்று சொந்தமாக விளைந்த உப்பு அதுதான்.

போனுக்குள் ஐம்பத்திரண்டு ஸ்பானிஷ் பதிவுகள் இருந்தன. ஆரோவில்லில் சில்வியா சமையல் வேலை பார்க்கும் வீட்டில் இனெஸ் என்று ஓர் அர்ஜென்டினா அம்மாள் தங்கியிருந்தாள். ஊர் திரும்புமுன் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லிப் பதிந்து கொடுத்தாள். ஸ்பெயினில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள். நேர்காணல் மறுநாள் காலை பத்து மணிக்கு, எங்கள் ஊர் மடத்துச் சிஸ்டரின் கம்ப்யூட்டரில். படுத்திருக்கும் பெரியவருக்கு என்ன செய்கிறது என்று கேட்கவும், அவர் சொன்னால் புரிந்துகொள்ளவும் தெரிய வேண்டுமாம்.

அதற்கு முக்கால்வாசி ஒரே வினைச்சொல் போதும் என்றிருக்கிறாள் இனெஸ். தெனேர். வைத்திருப்பது. அந்தப் பாஷையில் பசிக்காதாம், பசியை வைத்திருப்பார்களாம். தாகம், பயம், குளிர், தூக்கம் எல்லாவற்றையும் வைத்திருப்பார்கள். வயதையும்கூட. இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் அரிசி களைகிற சத்தத்தோடு "தெங்கோ ஆம்ப்ரே, தெங்கோ சுவேஞ்ஞோ" ஓடிக்கொண்டிருந்தது. பசி வைத்திருக்கிறேன், தூக்கம் வைத்திருக்கிறேன். "சோறு வச்சிருந்தா போதும்டி" என்பேன் நான். முதல் நாள் சிரித்தாள்.

சாயங்காலம் போனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வேணும்னே போட்டியா?"

அவள் என்னை 'நீங்க' என்பவள். கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் 'நீ'க்கு இறங்கியது மூன்று முறை. மூன்றுக்கும் தகுதியானவனாகவே இருந்தேன்.

"வேணும்னு போடறவன் கடல்ல போட்டிருப்பான். பக்கத்துலதானே இருக்குது."

அடுப்பில் கொதித்த குழம்பில் கரண்டியைப் போட்ட வேகத்தில் என் சட்டை வரை தெறித்தது.

"சிரி. எல்லாத்துக்கும் சிரி. முதுகு வலிக்குதுன்னு சொன்னா ஜோக்கு. எங்கம்மா செத்த அன்னிக்கு பயமா இருக்குதுன்னு உங்கிட்ட வந்தேன். அதுக்கும் ஒண்ணு சொன்ன. சாவு வீட்ல நாலு பேர் சிரிச்சாங்க. அந்த இனெஸம்மாவுக்கு நம்ம பாஷை தெரியாது. இன்னா வச்சிருக்கேன்னு கேட்டுச்சு. கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்துச்சு. உன்னால ஒரு நாளு முடிஞ்சுதா?"

பதிலுக்கு என்னிடம் மூன்று ஜோக்குகள் இருந்தன. மூன்றையும் விழுங்கினேன். ஒன்று நன்றாகவே இருந்தது.

"நான் கேக்கறேன், நீ சொல்லு. ஞாபகம் வந்துடும்," என்றேன்.

கோயில் காலண்டரில் போன மாதத்தைக் கிழித்து, அதன் பின்பக்கம் கேள்விகளைத் தமிழ் எழுத்தில் எழுதி என் முன்னால் எறிந்தாள். நான் வாசித்தேன்.

"கே தியெனே?" உங்களுக்கு என்ன செய்கிறது?

"தெங்கோ செத்." தாகம். பாத்திரத்தை வைப்பதுபோல் ஒவ்வொன்றையும் டொக்கென்று வைத்தாள். "தெங்கோ ஃபிரியோ." மே மாத மரக்காணத்தில், வியர்வை வழிய நின்றுகொண்டு, குளிராம். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். "தெங்கோ மியேதோ." பயம்.

ஏழாவதில் மறந்துபோய் நின்றாள். பிறகு காகிதத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னாள். "தெங்கோ ராபியா."

"அது இன்னா?"

"கோவம். அது மட்டும் மறக்கல."

"அது மூஞ்சிலயே தெரியுதே" என்று நாக்கு நுனிவரை வந்தது. காகிதத்தைக் கீழே வைத்தேன்.

"தவறித்தான் விழுந்துச்சு சில்வி. ஆனா உடனே எடுக்கல."

திரும்பினாள்.

"விழுந்ததைப் பாத்துக்கிட்டு நின்னேன். ஒரு மாதிரி நிம்மதியா இருந்துச்சு. அப்புறம்தான் கையை விட்டேன்."

"எவ்ளோ நேரம்?"

"பத்து எண்ற நேரம் இருக்கும்."

அடுப்பை அணைத்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். மணைப்பலகையை இழுத்துப் போட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

என் வாழ்நாளில் சிரிக்காமல் கேட்ட கேள்விகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். இது ஒன்று.

"பாப்பா காலேஜுக்காகப் போறேன்னு ஊர்ல சொல்றியே. அதுக்குத்தானா? இல்ல, எங்கிட்டருந்து போறியா?"

அவள் யோசிக்கவே இல்லை.

"பாதி பாப்பாவுக்கு," என்றாள். "பாதி உங்கிட்டருந்து போறதுக்கு. அடுத்ததைக் கேளு."