நீலப்பூக் கோப்பை

பிஸ்கட் டின்னுக்குள் போன சுகிர்தாவின் கை ஒரு தாளோடு வெளியே வந்தது. அது பஸ்லினா மடித்துப் போட்ட தாள். யா அல்லாஹ், இத்தனை பேர் இருக்க, பக்கத்து வீட்டுக்காரியின் கையிலா அது அகப்பட வேண்டும்!

மடவளை வாசிகசாலையில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை பெண்கள் கூடிக் கதை எழுதுவது நிலூஷாவின் ஏற்பாடு. வாசிகசாலைக்குப் பொறுப்பானவள் அவள்தான். சட்டமும் அவளுடையது: எழுதுகிறவர் பெயர் போடக்கூடாது, முடிவும் எழுதக்கூடாது. டின்னிலிருந்து தாளை எடுக்கிறவர் வாசித்துவிட்டு, முடிவைத் தன் வாயால் சொல்ல வேண்டும். ரோட்டில் கண்டால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனவர்கள், இங்கே வந்து ஒருத்தி கதைக்குள் மற்றவள் உரிமையோடு புகுந்து, கிழவனுக்குக் கலியாணம் முடித்துவைப்பதும் சண்டைக்காரப் புருஷனைக் கட்டாருக்கு அனுப்புவதுமாக அமர்க்களப்பட்டார்கள். பஸ்லினாவுக்குத்தான் கற்பனை அவ்வளவாக ஓடாது. நடந்ததை அப்படியே எழுதி ஆட்களின் பெயரை மாற்றியிருந்தாள். அதில் வரும் நீலப்பூக் கோப்பையை மாற்ற மறந்துவிட்டாள். மாதக்கணக்காக இந்தப் பக்கமே வராத சுகிர்தா இன்றைக்குப் பார்த்து வருவாள் என்று யார் கண்டது?

சுகிர்தா வாசிக்கத் தொடங்கினாள். நோன்பு காலத்தில் ஒருத்தி நீலப்பூப் போட்ட கோப்பை நிறையக் கஞ்சி ஊற்றி அடுத்த வீட்டுக்குக் கொடுக்கிறாள். அந்தக் கிழமையே அடுத்த வீட்டுக்காரியின் மாமனார் ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் தவறிப்போகிறார். இவள் போய்க் கூட உட்கார்ந்து அழுதுவிட்டு வருகிறாள். அதற்குப் பிறகு கோப்பை திரும்பி வரவில்லை. தீபாவளிக்கு ஒரு முறுக்குக்கூட வரவில்லை. வேலியோரம் கண்டாலும் அவள் தலையைக் குனிந்துகொண்டு போகிறாள். ‘நான் என்ன பிழை செய்தேன்?’ என்ற கேள்வியோடு தாள் முடிந்தது.

பஸ்லினா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஊருக்குக் குடிவந்த நாளில் முதலில் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்த வீடு அது. இன்றோடு அந்த உறவும் போய்விடும் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

சுகிர்தா தாளை மடித்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் முடிவைச் சொன்னாள்.

"அந்தக் கோப்பைய அவ கழுவி, அலுமாரியில மேல் தட்டுல வச்சிருக்கா. வெறுங் கோப்பையத் திருப்பிக் குடுக்கிறது எங்க வழக்கமில்ல. சாவு விழுந்த வருசம் பலகாரம் சுட்டு நாலு வீட்டுக்குக் குடுக்கிறதும் வழக்கமில்ல. ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டா பாவம். தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போறது வெக்கத்துல. மத்தபடி ஒரு கோவமும் இல்லீங்க."

"அத ஒரு வார்த்த செல்லியிருக்கலாமே, சுகிர்தாக்கா!" பஸ்லினா கத்தியே விட்டாள்.

"எழுதினவங்க வாயத் தொறக்கக்கூடாது," என்றாள் நிலூஷா. சிரிப்பில் கதிரைகள் ஆடின.

சுகிர்தாவும் சிரித்தாள். கண் மட்டும் கலங்கியிருந்தது. "நீ கேட்டிருக்கலாமே பஸ்லினா. வருசம் திரும்பட்டும். கோப்ப வழிய வழிய வரும்."

வருஷம் திரும்பும்வரை பொறுத்திருக்கப் பஸ்லினாவால் முடியுமா? வீட்டுக்குப் போன கையோடு முட்டையும் கருப்பட்டியும் அடித்து வட்டிலப்பம் அவித்தாள். சிவப்புப்பூப் போட்ட கோப்பையில் அதை வைத்து மூடி, வேலிக்கு மேலால் நீட்டினாள்.

"துக்க வீட்டுக்கு வெளியிலருந்து வந்தா வாங்கலாம்தானே?"

"வாங்கலாம். ஆனா இதுவும் இப்போதைக்குத் திரும்பி வராதே."

"வர வாணாம். அங்க மத்தக் கோப்ப தனியத்தானே ஈக்கிது."

அடுத்த நாள் காலையில் உடுப்புக் காயப்போட வந்த பஸ்லினா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். சுகிர்தாவின் வீட்டு ஜன்னல் திறந்து கிடந்தது. உள்ளே கண்ணாடி அலுமாரியின் மேல் தட்டில் நீலப்பூக் கோப்பை கொஞ்சம் ஓரமாக நகர்த்தப்பட்டிருந்தது. பக்கத்தில் சிவப்புப்பூக் கோப்பை, கழுவிய ஈரம் காயாமல் கவிழ்ந்திருந்தது.