முன்னால் ஒன்று, பின்னால் நான்கு

எந்த வீட்டு ஃபேன் நின்றாலும் ஓட வைத்துவிடுவார் ஃபேன்காரர். மாமனார் விட்டுப்போன காரை மட்டும் பதினான்கு மாதமாக வாசலில் காட்சிக்கு வைத்திருக்கிறார் என்று அவருடைய மைத்துனர் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அபாண்டம். பெட்ரோல் இன்ஜின் செத்துப்போன காரைக் கரண்டில் ஓட வைப்பது என்ன, சுவிட்ச் போடுகிற வேலையா?

அதுவும் கையில் காசில்லாமல். மூடிப்போன கிடங்கு ஒன்றில், மூட்டை தூக்கும் வண்டியிலிருந்து கழற்றிய மோட்டார் கிடைத்தது. பன்னிரண்டு பேட்டரிகளையும் மூன்று இடங்களில் பொறுக்கினார். மோட்டாரை கியர்பாக்ஸோடு சேர்க்கும் தட்டை லேத் பட்டறைக்காரர் கடைந்து கொடுத்தார்; பதிலுக்கு அவருடைய ஆறு ஃபேன்களுக்கும் ஆயுசு முழுக்க இலவச ரிப்பேர். கியர்பாக்ஸ் மட்டும் பழையதே.

கடைசியில் மைத்துனர் கெடு வைத்தார். ஞாயிறு பத்து மணிக்குள் கார் தானாகக் கேட்டைத் தாண்ட வேண்டும்; இல்லாவிட்டால் காயலான்கடைக்காரர் கட்டி இழுத்துப் போவார். ஃபேன்காரரின் மனைவி அண்ணனுக்குத் தலையாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். அப்பாவுடையது என்று அவளிடம் மிச்சமிருந்தது அந்தக் கார் ஒன்றுதான். அது போனாலும் புருஷனை அவள் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். ஃபேன்காரருக்கு அதுதான் பயம்.

ஞாயிறு ஒன்பதே முக்காலுக்குக் கடைசி நட்டை முடுக்கினார். தெருவில் காயலான்கடை லாரி நின்றது. அதிலேயே வந்திறங்கிய மைத்துனர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரின் முகம் வீட்டுச் சுவரைப் பார்த்து இருந்ததால் ஃபேன்காரர் ரிவர்ஸ் கியரைப் போட்டு மிதித்தார். கார் சத்தமே இல்லாமல் முன்னால் போய் இரண்டு பூந்தொட்டிகளை உடைத்து நின்றது.

கார் மோட்டார் வலப்பக்கமாகச் சுற்ற வேண்டும், காரின் முன்னால் நின்று பார்த்தால். இவரோ ஃபேனுக்குக் கீழே நின்று பார்த்தே பழகியவர். மோட்டாரின் தண்டு நீட்டிக்கொண்டிருந்த பக்கத்தில் நின்று பார்த்து வலப்பக்கமாக்கிவிட்டார். அந்தப் பக்கமோ காருக்குள் பின்னால் பார்த்து இருக்கும்; எல்லாம் தலைகீழ். இப்போது காருக்கு முன்னால் போக ஒரே கியர், பின்னால் போக நான்கு. இரண்டு ஒயர்களை மாற்றினால் போதும், ஆனால் அதற்குப் பேட்டரி மொத்தத்தையும் இறக்க வேண்டும். அரை நாள் வேலை.

காயலான்கடைக்காரர் கயிற்றை எடுத்தார். மனைவி வந்து காருக்குள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஃபேன்காரர் விஷயத்தைச் சொன்னார்.

"அப்ப ஃபர்ஸ்ட் கியர் போட்டா பின்னால போகும்?"

"போகும்."

"கேட்டு பின்னாலதானேங்க இருக்கு?"

ஃபேன்காரர் அவளை ஒரு முறை பார்த்தார். ஃபர்ஸ்ட் கியர் போட்டார். கார் பூனைபோல் கேட்டைத் தாண்டித் தெருவில் நின்றது.

இதெல்லாம் ஒரு ஓட்டமா என்று மைத்துனர் குதித்தார். கேட்டைத் தாண்டணும்னுதானே சொன்னீங்க அண்ணே என்றாள் தங்கை. காயலான்கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மைத்துனருக்குப் பஸ் நிறுத்தம்வரை போக வேறு வழியில்லை. தங்கை பின்கதவைத் திறந்துவிட்டாள்.

முன்னால் போக இருந்த அந்த ஒரே கியரில் கார் ஊர்ந்தது. காய்கறிப் பையோடு நடந்து போன ஒருவர் அவர்களை முந்திக்கொண்டு போனார். இன்ஜின் சத்தம் இல்லாததால் காருக்குள் மற்றதெல்லாம் கேட்டது. ஒவ்வொரு பள்ளத்திலும் பின்சீட்டு ஸ்பிரிங் கிரீச்சிட்டது. மைத்துனர் நகர்ந்து உட்கார்ந்தார். அங்கேயும் கிரீச்சிட்டது.

"இந்த ஸ்பிரிங்க ஒடச்சது நான்தான்," என்றார் மைத்துனர். "சின்ன வயசுல ஏறிக் குதிச்சேன். அப்பாகிட்ட உன் பேரச் சொல்லிட்டேன்."

"தெரியும்," என்றாள் அவள், திரும்பாமல்.

"அப்பாகிட்ட சொல்லிருக்கலாமே."

"சொன்னா உங்களுக்கு அடி விழுந்திருக்கும்."

நிறுத்தம் வந்தது. பஸ்ஸும் வந்து நின்று கிளம்பிப் போனது. மைத்துனர் இறங்கவில்லை.

"வீட்டுக்கே விடுங்க மாப்பிள்ளை," என்றார். "பன்னெண்டு பேட்டரிய ஒத்த ஆளா எப்படி எறக்குவீங்க?"