மூன்றாவது பட்டன்

இருட்டி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். வாசல் பக்கமிருந்து 'டொங்' என்று ஒரு சத்தம் வந்தது. எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துப் போட்டு விரலால் தட்டினால் வருமே, அப்படி. பெர்னதெத்துக்கு அந்தச் சத்தம் தெரியும். ஆறு சத்தங்களைக் கேட்டுப் பார்த்து அதைத் தேர்ந்தெடுத்தவளே அவள்தான்.

அவள் எழுதிய கேள்விப்பெட்டி வீட்டுக்கு வந்திருந்தது.

மருந்துக் கடைகளில் பில் போடும் கணினியின் திரையில் வருவதற்காக, அலுவலகத்தில் எழுதியது. சாம்பல் நிறம், ஆள் உயரம். நெஞ்சில் ஒரே வரி: 'மாற்றங்களைச் சேமிக்கவா?' கீழே 'ஆம்', 'வேண்டாம்' என்று இரண்டு பட்டன். கணவன் வியான்னி குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து வாங்கப் போயிருந்தான். கடையிலிருந்தே அவன் பின்னால் வந்திருக்கிறது. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். அதற்குச் செருப்பு இல்லை, அப்படியே வந்து ஹாலின் நடுவில் நின்றது.

இப்படிப்பட்ட பெட்டிக்கு உரிமையாளர் யார் என்று எழுதி வைக்க வேண்டும். எழுதினால் அந்த ஒருவர் முன்னால் மட்டும் நிற்கும். பெர்னதெத் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். அதை எழுதிய அன்று குழந்தை மிலானிக்குத் தடுப்பூசி நாள், அவசரம். உரிமையாளர் இல்லாத பெட்டி யார் முன்னாலும் நிற்கும். நின்றால் அந்த வீட்டின் ஃபோக்கஸ் முழுக்க அதனுடையது. யார் எதைச் செய்தாலும், எதைச் சொன்னாலும், அதற்குத்தான் போய்ச் சேரும்.

வியான்னி மருந்து பாட்டிலின் மூடியைத் திருகினான். டொங். மூடி திறக்கவில்லை. அடுக்களைக் குழாயைத் திறந்தான். டொங்.

பெர்னதெத் மேசை முன்னால், திறந்த மடிக்கணினியும் மடியில் குழந்தையுமாக உட்கார்ந்திருந்தாள். கேள்வி கேட்டால், பதில் தெரியாவிட்டாலும் எழுந்து நிற்க வேண்டும் என்று கான்வென்டில் பழக்கியிருந்தார்கள். எழுந்திருக்கப் பார்த்தாள். டொங்.

மிலானிக்கு எட்டு மாதம், நூற்று இரண்டு காய்ச்சல். வாயைத் திறந்து அழுதாள். கண்ணீர் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. ஆனால் அம்மாவின் காதுக்குச் சத்தம் வரவில்லை, அதுவும் பெட்டிக்குப் போனது. டொங், டொங் என்றது பெட்டி, பொறுமையாக.

கேள்வியைப் பற்றிய பேச்சு மட்டும் தடைபடாது.

"'ஆம்'னு அமுக்கிடு, போயிடும்ல," என்றான் வியான்னி.

"அமுக்கினா இப்ப இருக்கிறது அப்படியே நிலைச்சிடும். நூத்திரெண்டும் சேர்ந்து."

"அப்ப 'வேண்டாம்'."

"வேண்டாம்னா கடைசியா சேமிச்ச இடத்துக்குப் போயிடும். நாம கடைசியா எப்பங்க சேமிச்சோம்?"

வியான்னி யோசித்தான். "ஃபிரிட்ஜ் வாங்கினப்ப."

ஃபிரிட்ஜ் வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. இருவரும் குழந்தையைப் பார்த்தார்கள். வியான்னிக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. பயந்தால் அவனுக்கு அப்படித்தான்.

மூன்றாம் மாடி தணிகாசலம் சார் போன வாரம் 'வேண்டாம்' அமுக்கினார். அவர் மகன் இப்போது மறுபடியும் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம் படிக்கிறான். மருமகளுக்கு அவள் அம்மா வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சாருக்கு முன்மண்டையில் முடி திரும்ப வந்துவிட்டதால் அவர் யாரிடமும் புகார் சொல்லவில்லை.

ஆரம்பத்தில் பெர்னதெத் 'ரத்து' என்று மூன்றாவது பட்டனும் வைத்திருந்தாள். மேலாளர் திருமலைக்கொழுந்துதான் எடுக்கச் சொன்னார்.

"ஜனங்க எதையும் படிக்கிறதில்லம்மா," என்றார். "மூஞ்சிக்கு நேரா போய் நிக்கணும். பதில் சொல்லாம அசையவே கூடாது."

"பதில் தெரியலைன்னா சார்?"

"மூணாவதா ஒண்ணு வெச்சா யோசிப்பாங்க. யோசிக்க விடலாமா?"

பெர்னதெத் எடுத்துவிட்டதாகச் சொன்னாள். உண்மையில் எடுக்கவில்லை. எழுதியதை அழிக்க அவளுக்கு மனசு வராது, சாரே நாளைக்குத் திரும்பக் கேட்பார். கண்ணில் படாதபடி பெட்டியின் விளிம்பைத் தாண்டி, இடது பக்கம் வெகுதூரம் தள்ளி வைத்திருந்தாள். பெட்டி நிற்கும் இடத்துக்கு இடது பக்கம் வெகுதூரம் என்றால், வீட்டுக்கு வெளியே, லிஃப்ட் பக்கம் வரும்.

மடிக்கணினியில் தட்டுவதெல்லாமும் பெட்டிக்குத்தான் போகும் என்பது இப்போது உதவியாக இருந்தது. டேப் விசை ஃபோக்கஸை ஒரு பட்டனிலிருந்து அடுத்த பட்டனுக்கு நகர்த்தும். என்டர் விசை அதை அமுக்கும். ஃபோக்கஸ் இப்போது 'ஆம்' பட்டனில் இருந்தது, அதைச் சுற்றி ஒரு புள்ளிக்கோடு ஓடியது. மிலானிக்கு என்டர் விசைமேல் ஆசை அதிகம், அதுதான் பெரிதாக இருக்கும். காய்ச்சலிலும் உள்ளங்கையை விரித்துக்கொண்டு அதை நோக்கிப் பாய்ந்தாள். பெர்னதெத் முழங்கையால் அணை கட்டிக்கொண்டு டேப்பை ஒரு முறை தட்டினாள். புள்ளிக்கோடு 'வேண்டாம்' மேல் வந்தது. மிலானியின் கை முழங்கையைத் தாண்டியது. பெர்னதெத் மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை தட்டினாள்.

பெட்டியில் புள்ளிக்கோடே இல்லை.

வெளியே எதிர்வீட்டு தமயந்தி அக்காவின் குரல் கேட்டது. "பெர்னதெத்து, லிஃப்ட் பக்கத்துல 'ரத்து'ன்னு ஒரு பட்டன் கிடக்கே, சுத்தியும் புள்ளி வெச்சு. உங்களதா?"

"எங்களதுதான்க்கா. யாரும் மிதிக்காம பார்த்துக்கோங்க."

"நான் கோலம்னு நினைச்சேன்."

மிலானி கையை ஓங்கினாள். பெர்னதெத் இந்தத் தடவை தடுக்கவில்லை.

என்டர்.

பெட்டி பதில் கேட்காமல் வெளியே போனது. அதுவரை அதற்குள் வரிசையில் காத்திருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. மருந்து பாட்டிலின் மூடி திருகித் திறந்துகொண்டது. குழாயில் தண்ணீர் கொட்டியது. பெர்னதெத் எழுந்து நின்றாள். கடைசியாக, அரை மணி நேரத்து அழுகை மொத்தமும் ஒரு விம்மல் குறையாமல் வந்தது. கேட்கக் கேட்க அவளுக்கு உயிர் வந்தது. அழ அழவே ஐந்து மில்லி மருந்தைப் புகட்டினாள்.

ஒன்பதரைக்குக் குழந்தையின் நெற்றி வியர்த்தது. தெர்மாமீட்டர் தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு காட்டியது. மிலானி அப்பாவின் விக்கலைப் பார்த்துச் சிரித்தாள். கீழ் ஈறில் அரிசி முனை அளவுக்கு வெள்ளையாக ஒன்று தெரிந்தது.

பெர்னதெத் வாசல் கதவைத் திறந்தாள். பெட்டி லிஃப்ட் பக்கத்தில்தான் நின்றது, உரிமையாளர் இல்லாததால் போக இடமில்லை. தமயந்தி அக்கா ஒரு டம்ளர் மோர் வைத்துவிட்டுப் போயிருந்தாள். பெட்டி அதைத் தொடவில்லை.

"உள்ள வாங்க," என்றாள் பெர்னதெத்.

வந்து நின்று கேட்டது. டொங். அவள் குழந்தையைப் பல் தெரியும்படி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு 'ஆம்' அமுக்கினாள். பிறகு மேசை முன்னால் உட்கார்ந்து, மடிக்கணினியில் காலியாக இருந்த உரிமையாளர் இடத்தில் 'திருமலைக்கொழுந்து' என்று பிழையில்லாமல் எழுதினாள். பெட்டி லிஃப்டில் இறங்கியது. கீழே ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது.

"நான் அமுக்கினப்ப உங்களுக்கு விக்கல் இருந்துச்சா?"

"இருந்," என்றான் வியான்னி. விக்கினான். "துச்சு."

ஒரு சொம்பு தண்ணீரை இனி எப்போதும் அவன் கைக்கெட்டும் தூரத்தில் வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, பெர்னதெத் கதவைச் சாத்தி உள்ளே தாழிட்டாள்.