அழுக்கும் கிளியும்

“அது அழுக்கு இல்லடி, அது —”

“அழுக்கு இல்லாம இன்னாவாம்? கன்னங்கரேல்னு சந்து சந்தா அடைச்சிக்கினு —”

“படம்டி! கிளி! கொடி! எல்லாத்தையும் நோண்டி எடுத்துட்டியே!”

கஸ்தூரியின் கையில் ஊக்கு அப்படியே நின்றது. ஷிப்ட் முடிந்து வந்த பக்தவத்சலம் இன்னும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் நடுவில், பாயின்மேல், பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சாமுண்டீஸ்வரியின் எழுத்துப் பெட்டி. சாய்வான மூடி, உள்ளே மைக்கூடு வைக்கக் குழி. கருங்காலியில் தந்தத் தகடு பதித்து, தகட்டில் கோடு கீறி, கோட்டுக்குள் கறுப்பு அரக்கை அடைத்து வரைந்த பழைய வேலை.

சாமுண்டீஸ்வரிக்குச் சொந்த ஊர் விசாகப்பட்டினம். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று கிளம்பியவள், ஆவடியில் இத்தனை வீடு இருக்க, கஸ்தூரியைத்தான் கூப்பிட்டு, “எங்க அப்பா வச்சு எழுதின பெட்டி, பாத்துக்கோம்மா” என்று கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆயுத பூஜை வந்தது. வீட்டில் இருப்பதையெல்லாம் துலக்கிப் பொட்டு வைக்கிற நாளில், நம்பிக் கொடுத்த பொருளை மட்டும் அப்படியே விடுவதா? கஸ்தூரி புளியைக் கரைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வெற்றிலை போட்ட பல் மாதிரி மஞ்சளாக இருந்த தகடு வெளுத்தது. கோடுகளில் மட்டும் கறுப்பு போவேனா என்றது. ஊக்கை எடுத்தாள். இடுப்பு விட்டுப்போகக் குனிந்து ஒவ்வொரு கோடாகச் சுரண்டினாள்.

“கண்மையை அப்பினா திரும்ப வந்துராது?”

“வரும். உன் மூஞ்சி வரும்.”

“கத்தாதய்யா, பக்கத்துல கேக்கப்போவுது.”

“கேக்கட்டுமே! ஊரே —”

“ஊருக்கு நானே சொல்லிட்டேன்யா.” அவள் குரல் இறங்கியது. “காலைல குழாயண்ட. பேருதான் பெரிய ஊட்டுப் பொண்ணு, பெட்டி பூரா வண்டி வண்டியா அழுக்கு, நான்தான் பாத்துப் பாத்து எடுக்கறேன்னு. நாகம்மா சிரிச்ச சிரிப்புல குடத்தையே சாச்சிக்கினா.”

பக்தவத்சலம் ஒரு துண்டை எடுத்துப் பெட்டியை மூடினான். கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மறுநாளே சாமுண்டீஸ்வரி வந்துவிட்டாள். ஈரம் பட்டு உதிர்ந்துவிட்டது என்று சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள் கஸ்தூரி. ஆனால் வந்தவளுடைய விரல், துண்டை விலக்கியதுமே, மூடியின் மூலைக்குப் போய் வெறும் கீறலைத் தடவித் தடவிக் கிளியைத் தேடியது. பார்க்கச் சகிக்கவில்லை.

“அழுக்குன்னு நெனச்சிட்டேன்க்கா. நான்தான் சொரண்டிட்டேன். என் கைய ஒடிக்கணும்.”

“தெரியாம செஞ்சே. அதுக்கு என்ன பண்றது.” சாமுண்டீஸ்வரி பெட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். “குழாயடியில என்னைப் பாத்ததும் எல்லாரும் சிரிச்சாங்க. என்னன்னு கேட்டேன். சொன்னாங்க.”

கஸ்தூரிக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. பக்தவத்சலம் கொல்லைப்பக்கம் நழுவிவிட்டான்.

வாசல்படி தாண்டுமுன் சாமுண்டீஸ்வரி திரும்பிப் பார்த்தாள்.

“எங்க வீட்ல உக்காந்து காபி குடிச்சப்பல்லாம், கஸ்தூரி, டம்ளரையும் அப்படித்தான் பாத்துக்கிட்டே குடிச்சியா?”