வந்து சேராத கதை

பதினோராம் வகுப்புக்குச் சாகசக் கதைகள் நடத்திய இலக்கிய டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பேர் சி.ஐ.டி. பேர் பொருந்தவில்லை என்று யாரும் வாய் திறக்க முடியாது. பால் வாங்கினால் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார். கணவர் தும்மினால் லீவு போட ஒத்திகை நடக்கிறதோ என்று யோசிப்பார். பள்ளிக்கூடத்தில் கேட்கவே வேண்டாம். கட்டுரை நன்றாக இருந்தால் யார் எழுதிக் கொடுத்தது என்பார். மோசமாக இருந்தால் யாரைப் பார்த்து எழுதினாய் என்பார்.

சாகசப் பாடம் முடிந்ததும் அவர் ஒரு வாய்மொழித் தேர்வு வைப்பார். ஒவ்வொருவரும் வகுப்பின் முன்னால் வந்து, தான் பயந்து பயந்து கடைசியில் துணிந்து செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். அது நிஜமாக நடந்ததாக இருக்க வேண்டும். கரும்பலகையில் மூன்று படிகள் எழுதியிருப்பார்: புறப்பாடு, இடையூறு, திரும்பி வருதல். சொல்லி முடித்ததும் டீச்சரின் குறுக்கு விசாரணை. அதில் தேறினால்தான் மார்க். ஆண்டு இறுதியில் அந்த மார்க்கும் சேரும் என்பதால் காய்ச்சலில் கிடப்பவர்கள்கூட எழுந்து வந்து சொல்லிவிட்டுப் போவார்கள்.

அன்று முதலில் வந்தவன் ஒட்டடைக்குச்சி. வகுப்பிலேயே உயரமான, வகுப்பிலேயே மெலிந்த பையன். வெறிநாய் துரத்தியது, மதிலேறிக் குதித்தேன் என்று அவிழ்த்துவிட்டான்.

“மதில் எவ்வளவு உயரம்?”

பையன் பிடரியைச் சொறிந்தான். “ரெண்டு ஆள் உயரம் டீச்சர்.”

“பொய் சொல்றப்பல்லாம் உனக்குப் பிடரி அரிக்குதே, அது ஏன்டா? போய் உக்காரு.”

வகுப்பு சிரித்தது, அவனும் சேர்ந்து சிரித்தான். அடுத்து எழுந்தவள் கடைசி பெஞ்சுப் பெண். இருக்கிற இடம் தெரியாத பெண். கையைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

“நேத்துக் காலையில அப்பா குளிக்கப் போனதும், நானும் அம்மாவும் ஒரே ஒரு பையோட வீட்ட விட்டுக் கெளம்பிட்டோம். அம்மா சமையலறைக் குழாயத் திறந்து விட்டுட்டு வந்தாங்க. தண்ணிச் சத்தம் கேட்டா அம்மா பாத்திரம் கழுவுறாங்கன்னு அப்பா நெனச்சுப்பாரு. பின்பக்கமா வந்து பஸ் ஏறிட்டோம். அவ்வளவுதான் டீச்சர்.”

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெண் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை, வார்த்தைகளை அளந்து வைத்திருந்தாள். அந்தக் குழாய்தான் அவரை உஷார்ப்படுத்தியது. பதறிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு இவ்வளவு நேர்த்தியான யோசனை வருமா? எங்கேயோ சுட்ட சரக்கு என்று முடிவு கட்டிவிட்டார்.

“எந்த பஸ்?”

பெண் கதவைப் பார்த்தாள். “சொல்லணுமா டீச்சர்?”

“நெசமா நடந்திருந்தா சொல்றதுக்கு என்ன?”

“பதினேழாம் நம்பர்.”

“எங்க எறங்குனீங்க?”

பெண் மறுபடியும் கதவைப் பார்த்தாள்.

“சரி, எப்ப திரும்பி வந்தீங்க?”

“திரும்பி வரல டீச்சர். வரவும் மாட்டோம்.”

“அப்ப இது பாதிக் கதை. எங்க போனாங்கன்னும் தெரியல, எதுக்கு ஓடுறாங்கன்னும் தெரியல. அந்த அப்பாவையாவது, குழாய்ச் சத்தத்துக்கெல்லாம் ஏமாறாம, கொஞ்சம் நம்புற மாதிரி வச்சிருக்கலாம். தண்ணிய வீணாக்குறதெல்லாம் சாகசமாம்மா? எந்தப் படத்துல பாத்த?”

வகுப்பு மறுபடியும் சிரித்தது. “படம் இல்ல டீச்சர்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெண் போய் உட்கார்ந்தாள். ஒட்டடைக்குச்சி மட்டும் திரும்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சர் பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மதிய இடைவேளையில் அவரைப் பார்க்க ஒருவர் வந்திருப்பதாகப் பியூன் சொன்னார். ஆசிரியர் அறை வாசலில் மடிப்புக் கலையாத சட்டையோடு ஒரு மனிதர் நின்றிருந்தார். அந்தக் கடைசி பெஞ்சுப் பெண்ணின் அப்பா. டீச்சர் உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார், அவ்வளவு மரியாதை.

“பொண்ணு இன்னைக்கு வந்திருக்காளா டீச்சர்? வீட்ல சின்ன மனஸ்தாபம். அம்மாவும் பொண்ணும் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. அவளுக்குக் கற்பனை கொஞ்சம் ஜாஸ்தி, உங்ககிட்டகூட எதையாவது சொல்லி வச்சிருப்பா.”

தன் மனத்தில் இருந்ததையே ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது? “அதையேதான் நானும்...” என்று டீச்சர் ஆரம்பித்தும் விட்டார். பதினேழு என்கிற எண் நாக்கு நுனியில் நின்றது.

அந்த மனிதர் சிரித்துக்கொண்டே தொடர்ந்தார். “அவ அம்மா போறப்ப குழாயக்கூட மூடல பாருங்க. தொட்டித் தண்ணி பூரா காலி. நான் குளிச்சிட்டு வந்து, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே காப்பிக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன், உள்ளதான் இருக்கான்னு. என்னையே முட்டாளாக்கிட்டா.” சிரிப்பு அப்படியே இருந்தது. வலது கை விரல்கள் மட்டும் ஒவ்வொன்றாக நெட்டி முறிந்தன. “வரட்டும். பேசிக்கிறேன்.”

அப்படியானால் அந்தக் குழாய் நிஜம். வகுப்பில் அந்தப் பெண் தடுமாறாமல் பேசியது மனப்பாடத்தால் அல்ல. அழுதுவிடக் கூடாது என்று அவள் ஒவ்வொரு வார்த்தையையும் பிடித்துப் பிடித்து வைத்திருந்தாள். அது இப்போதுதான் இந்த மகா புத்திசாலிக்கு விளங்கியது.

“அவ இன்னைக்கு வரல” என்றார்.

“அப்படியா?” அவர் டீச்சரை உற்றுப் பார்த்தார். “எந்தப் பக்கம் போனாங்கன்னு யார்கிட்டயாவது சொல்லியிருப்பாளோ?”

“அவ யார்கூடவும் பேச மாட்டா.”

“பரவாயில்ல டீச்சர். பசங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடுறேன்.”

வேண்டாம் என்று சொல்வதற்குள் அவர் மைதானத்தில் இறங்கிவிட்டார். டீச்சர் ஜன்னலுக்கு ஓடினார். மைதானத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அந்த பஸ் நம்பர் தெரியும். யார் சொல்லித் தெரியும்? இவர்தானே அத்தனை பேர் முன்னால் பிடுங்கி எடுத்தார். அந்த நேரத்தில் தன்னைப்போல ஒரு பாவி இல்லை என்று தோன்றியது.

மனிதர் நேராக ஒட்டடைக்குச்சியிடம் போனார். தோளில் கை போட்டு ஏதோ கேட்டார். பையன் சோற்றுக் கையை உதறிவிட்டு எழுந்தான். ரயில் நிலையம் இருக்கும் திசையில் கையை நீட்டினான். இன்னொரு கை பிடரிக்குப் போயிற்று. சொறிந்தான், இன்னும் சொறிந்தான். பக்கத்தில் இருந்த ஒரு பெண் தலையாட்டிக்கொண்டே வந்து, பெரிய பெட்டி ஒன்றைத் தூக்கிப் போவதுபோல் நடித்துக் காட்டினாள். மூன்றாவது ஒருத்தன் வாட்சைத் தட்டித் தட்டி நேரம் சொன்னான். ரீல் விடாதே, ரீல் விடாதே என்று ஆண்டு முழுக்க அவர் அதட்டிய பிள்ளைகள்! விடுங்கடா கண்ணுங்களா, இன்னும் விடுங்க என்று டீச்சர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தார். மனிதர் ரயில் நிலையப் பக்கம் வேகமாக நடந்தார்.

டீச்சர் ஓடிப் போய்ப் பார்த்தபோது, கடைசி பெஞ்சுப் பெண் வகுப்பறையில், ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் அவளைச் சோதனைக்கூடத்தின் வழியாகப் பின்கேட்டுக்கு அழைத்து வந்தார்.

“நான் உன்ன நம்பியிருக்கணும்மா. பெரிய தப்புப் பண்ணிட்டேன். வா, நானே கொண்டு போய் விடுறேன்.”

பெண் ஒரு அடி பின்னால் போனாள். “அப்பாகிட்ட என்ன சொன்னீங்க?”

“நீ வரலன்னு சொன்னேன்.”

“வேற?”

“வேற ஒண்ணும் சொல்லல.”

“பஸ் நம்பர்?”

“சத்தியமா சொல்லலம்மா.”

பெண் அவர் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்கிறவர்கள் முகத்தில் எதைத் தேட வேண்டும் என்று டீச்சருக்குத் தெரியும். அவளும் அதைத்தான் தேடினாள். கிடைத்ததா இல்லையா என்று தெரியவில்லை. டீச்சருக்கு அழுகை வந்தது, இந்தப் பெண்ணின் முன்னால் அழுகிற தகுதிகூடத் தனக்கு இல்லை என்று அடக்கிக்கொண்டார்.

“நீங்க வர வேண்டாம் டீச்சர். அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க.”

டீச்சர் திரும்பிச் சுற்றுச்சுவரைப் பார்த்து நின்றார். கேட் கிரீச்சிட்டது. இடது பக்கமா, வலது பக்கமா என்று காது தன்பாட்டுக்குக் கூர்மையானது. இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். வகுப்புக்கான மணி அடித்தது லேசாகத்தான் கேட்டது. அவள் இன்னும் கொஞ்ச தூரம் போகட்டும் என்று அப்படியே நின்றார்.